உலகப் பக்கத்துக்கும் மாவட்டப் பக்கத்துக்கும் நடுவில் விடுபடும் மலை

நீலகிரியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்ததாக இரண்டு முறை செய்தி வந்திருக்கிறது. முதல் முறை 2009 நவம்பரில், கேத்தியில். அடுத்தது 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியில். எண் ஒன்றுதான். ஆனால் 2009-ல் மாவட்டம் முழுக்க நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 2019-ல் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தோடு நின்றது. கேத்தி, ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் வீடுகளும் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் பள்ளத்தாக்கு. அவலாஞ்சி காடும் புல்வெளியும் அணையும் உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே குடியிருப்பு குறைவு. முன்னது வடகிழக்குப் பருவமழை, பின்னது தென்மேற்கு.

வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பது ஒரு கணக்கு. அது எதன் மேல் விழுந்தது என்பது இன்னொரு கணக்கு. காலநிலை மாற்றம் முதல் கணக்கைக் கூட்டுகிறது. இரண்டாவது கணக்கு, நாம் மலையை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மலையைப் பற்றி வரும் செய்திகளில் முதல் கணக்கு கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே 'வரலாறு காணாத' என்ற அடைமொழியும் இருக்கும். 1992 நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. பதிவானது என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது கணக்கு செய்திக்குள் வருவதே அபூர்வம்.

இதற்கு முக்கியமான காரணம் பத்திரிகை வேலை நடக்கும் விதத்திலேயே இருப்பதாக நினைக்கிறேன். எந்தத் தமிழ் நாளிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். காலநிலை மாற்றம் வருவது உலகப் பக்கத்தில். செய்தி நிறுவனத்திடம் வாங்கி மொழிபெயர்த்த செய்தி, உருகும் பனிப்பாறை, மெலிந்துபோன பனிக்கரடி, எங்கோ நடக்கும் மாநாடு. ஊட்டியும் கொடைக்கானலும் வருவது மாவட்டப் பக்கத்தில். மலர்க் கண்காட்சி, மூடுபனியில் முகப்பு விளக்கோடு ஊர்ந்த வாகனங்கள், மரம் விழுந்து போக்குவரத்து பாதிப்பு, ஊருக்குள் வந்த காட்டெருமை, மண் சரிந்து மலை ரயில் ரத்து. முதல் வகையில் நம்ம ஊர் கிடையாது. இரண்டாவது வகையில் காலநிலை கிடையாது. எழுதுகிறவர், திருத்துகிறவர், பக்கம் போடுகிறவர் எல்லாருமே இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள். கோத்தகிரியில் காலையில் பேப்பர் படிக்கும் ஒருவருக்குக் காலநிலை மாற்றம் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்திட்டு சம்பந்தப்பட்ட விஷயம் என்று எப்படித் தெரியும்?

மேலை நாட்டு ஊடகங்களில் இருந்த சிக்கல் வேறு. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் முக்கிய நாளிதழ்களில் வந்த செய்திகளை ஆராய்ந்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. பாதிக்கும் மேற்பட்ட செய்திகள், பூமியை மனிதர்கள் சூடாக்குகிறார்கள் என்ற தரப்புக்கும் அதை மறுக்கும் தரப்புக்கும் சம இடம் கொடுத்திருந்தன. அறிவியலில் அந்த வழக்கு ஏறக்குறைய தீர்ந்துகொண்டிருந்த காலத்தில், வாசகர் மனதில் மட்டும் அது பாதிக்குப் பாதி என்று பதிந்தது. நடுநிலை என்ற நல்ல பழக்கமே பொய்யான ஒரு சித்திரத்தை உண்டாக்கிவிட்டது. இப்படி மறுப்பாளரைக் கூப்பிட்டுச் சமன் செய்ய வேண்டியதில்லை என்று பிபிசி தன் செய்தியாளர்களுக்கு எழுத்தில் சொன்னது 2018-ல்தான். மனிதச் செயலால் காற்றும் கடலும் நிலமும் சூடாகியிருப்பதில் ஐயமே இல்லை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021-ல் எழுதிவிட்டது.

நம் பத்திரிகைகளில் மறுப்பாளர்களுக்கு அவ்வளவு இடம் இருந்ததில்லை. நம்முடைய சிக்கல் கடைசி வரியில் இருக்கிறது. மண் சரிந்தாலும், உறைபனி தள்ளிப்போனாலும், பூ முன்கூட்டியே பூத்தாலும், செய்தியின் முடிவில் 'காலநிலை மாற்றமே இதற்குக் காரணம் எனச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் தெரிவித்தனர்' என்று ஒரு வரி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு காரணம், வேறு என்னென்ன காரணம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வரி எல்லாருக்கும் சௌகரியமானது. சரிவின் அடிவாரத்தைப் பொக்லைன் வைத்து வெட்டியவருக்கு, அதற்கு அனுமதி கொடுத்தவருக்கு, தண்ணீர் வடியத் துளை விடாமல் தடுப்புச் சுவர் எழுப்பியவருக்கு, எல்லாருக்கும் அது ஆறுதல். உலகமே சேர்ந்து செய்த தப்புக்கு ஒரு ஒப்பந்ததாரரை எப்படிக் குறை சொல்வது? காலநிலையை அடியோடு விட்டுவிடும் செய்தியைவிட, இப்படி எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடும் செய்திதான் மலைக்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

'எவ்வளவு காரணம்' என்ற கேள்விக்கு இன்று ஓரளவு பதில் கிடைக்கிறது. ஒரு பேய்மழையோ வெப்ப அலையோ வந்தால், விஞ்ஞானிகள் கணினியில் இரண்டு உலகங்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒன்று இன்றைய வெப்பத்தில் இருக்கும் உலகம், மற்றது தொழிற்புரட்சிக்கு முந்தைய வெப்பத்தில் இருக்கும் உலகம். அதே மழை இரண்டிலும் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பலமாக வருகிறது என்று ஒப்பிடுகிறார்கள். அடிப்படை எளிமையானது. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பூமி ஏற்கெனவே 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டே வாரத்தில் உலக அளவிலான விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்குப் போட்டு, அந்த ஒரு நாள் மழையைக் காலநிலை மாற்றம் சுமார் 10 சதவீதம் பலப்படுத்தியது என்றது. சிறிய மலைப்பகுதி என்பதால் இந்தக் கணிப்பில் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அன்று பெய்தது 14 செ.மீ. அளவு என்றால், அதில் காலநிலை மாற்றம் சேர்த்தது ஒன்றேகால் செ.மீ. சொச்சம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் பல வாரம் நனைந்து ஊறி, இனி ஒரு சொட்டும் தாங்காது என்று நிற்கும் மண்ணுக்கு அந்தச் சொச்சமே போதும். அப்புறம் மீதி 90 சதவீதம்? அது பருவமழை எப்போதும் கொண்டுவருவது. அதைத் தாங்குகிற மாதிரி சரிவு இருந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. பல செய்திகள் 10 சதவீதம் என்பதோடு நின்றுவிட்டன.

இதே முறையில் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும் ஆராய்ந்தார்கள். அந்த மழையில் புவி வெப்பமாதலின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்று முடிவு வந்தது. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் எதிர்ப்பக்கம் இழுத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இந்த முடிவு தமிழில் பரவலாகப் பேசப்படவே இல்லை. காலநிலையை நம்ப வைக்க வேண்டும் என்ற அக்கறையில் இதை மறைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. 'இந்த முறை பங்கு தெரியவில்லை' என்று சொல்லத் தயங்காத அறிவியல்தான், 'இந்த முறை 10 சதவீதம்' என்று சொல்லும்போது நம்பத் தகுந்ததாகிறது. வாசகரிடம் இரண்டையும் சொல்லலாம். அவர் தாங்குவார்.

வெயில் செய்திக்கும் இது பொருந்தும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. 1986-ல் பதிவான 28.5 டிகிரிதான் அதுவரை உச்சம். 'மலைகளின் அரசியே தகிக்கிறாள்' என்ற பாணியில் செய்தி ஓடியது, கூடவே குடை பிடித்த சுற்றுலாப் பயணிகளின் படம். அந்த ஆண்டு, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வெப்பத்தை ஏற்றிவிடும் எல் நினோ காலம் என்பதும், ஒரு நாளின் உச்சம் என்பது வேறு, ஆண்டுச் சராசரி மெல்ல ஏறுவது வேறு என்பதும் அதில் சேர்ந்திருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் வந்திருக்கும். சராசரி ஏறுவதுதான் தேயிலையில் சிவப்புச் சிலந்தியைப் பெருக்கும், ஊற்றை வற்றவைக்கும். ஆனால் சராசரிக்குப் படம் கிடைக்காது.

உறைபனிச் செய்தியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் மலையைப் பற்றிய நம் செய்திப் பழக்கம் முழுதும் அதில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி வந்தால் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று வெள்ளை விரித்த புல்வெளிப் படங்கள் வரும். 'மினி காஷ்மீர்' என்று தலைப்பு வைப்பார்கள். ஒரு செய்தியில் மைனஸ் 1 என்றிருக்கும், இன்னொன்றில் 3 டிகிரி. வாசகர் குழம்புவார். உண்மையில் இரண்டும் சரியாகவே இருக்கலாம். வானிலை நிலையத்தில் வெப்பமானி, தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், காற்று புகும் மரப்பெட்டிக்குள் இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து இறங்கி பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டில் பனி இல்லாதபோதும் ஓடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டம் வெள்ளையாகிவிடுகிறது. எந்த இடத்தில், எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்லாத டிகிரியை வைத்து போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.

'பூமி சூடாகிறது என்கிறீர்கள், ஊட்டியில் இவ்வளவு பனி எப்படி?' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்குச் செய்தியில் பதில் இருப்பதில்லை. உறைபனிக்கு வேண்டியது தெளிந்த வானம், வறண்ட காற்று, நீண்ட இரவு. பருவமழை மேகம் எப்போது விலகுகிறது என்பதைப் பொறுத்து அந்த ஆண்டு பனி முந்தும், பிந்தும். ஒரு குளிர்ந்த விடியல் புவி வெப்பமாதலைப் பொய்யாக்காது, பனி இரண்டு வாரம் தள்ளிப்போனது மட்டுமே அதை நிரூபித்துவிடவும் செய்யாது. இருபது, முப்பது வருடப் பதிவை அடுக்கிப் பார்த்தால்தான் போக்கு தெரியும். அப்படி ஒரு வரைபடத்தை மாவட்டப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்படுகிறேன்.

அந்தப் படங்களில் இல்லாத ஆள் விவசாயி. இத்தலார், எமரால்டு பக்கம் பனி விழுந்த விடியலில் தேயிலைச் செடியைப் பாருங்கள். வெயில் ஏறும்வரை சர்க்கரை தூவிய மாதிரி அழகாகத்தான் இருக்கும். வெயில் பட்டதும் கொழுந்து வெந்நீரில் போட்ட கீரையாகத் துவண்டு கறுக்கும். இரண்டு, மூன்று நாளில் அந்தப் பாத்தி முழுக்கச் செம்பழுப்பாகிவிடும். புதுக் கொழுந்து வர வாரக்கணக்காகும். அதுவரை பறிப்பு இல்லை, பறிக்கும் பெண்களுக்குக் கூலி இல்லை. அதனால் வெயில் வருவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்க இருட்டிலேயே எழுந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே காலையில் அதே பனியைப் படம் எடுக்க ஊட்டிக்கு வண்டிகள் ஏறுகின்றன. இரண்டும் செய்திதான். ஆனால் முதல் பக்கத்துக்குப் போவது ஒன்றுதான்.

பனி புல்லைக் காயவைக்கும். காய்ந்த புல் பிப்ரவரி, மார்ச்சில் தீக்கு எரிபொருளாகும். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் பல நாள் எரிந்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது. தொலைக்காட்சிகள் அதை நேரலையாகக் காட்டின. ஜனவரிச் செய்தியின் இரண்டாம் பாகம் மார்ச்சில் எரிகிறது என்று யாராவது சேர்த்துச் சொன்னால், வறட்சியும் பனியும் தீயும் ஒரே சங்கிலி என்பது வாசகருக்கே விளங்கிவிடும்.

இன்னொரு பழக்கம் பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்று நினைப்பது. காலநிலையைக் காக்க என்ன செய்தார்கள் என்ற செய்தி பெரும்பாலும் மரம் நடும் விழாவாக இருக்கும். சமவெளியில் சரி. பழனி மலையில் கதை வேறு. கொடைக்கானல் மேல்மலையின் இயற்கை, புல்வெளியும் இடையிடையே மடிப்புகளில் சோலை எனப்படும் அடர்ந்த குட்டைக் காடும். அந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து, தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் என்று சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். 2018-ல் வந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்து 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அதைத் தின்றவை மரத் தோட்டங்களும் விவசாயமும். வைகைக்கும் அமராவதிக்கும் தண்ணீர் அனுப்பும் மலை இது. மழையை மெல்ல உள்வாங்கி மெல்ல விடும் வேலையைப் புல்வெளியும் சோலையும் செய்துவந்தன. கார்பனையும் மண்ணுக்குள், தீ எளிதில் தொடாத இடத்தில் வைத்திருந்தன. மழை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு நெடுநாள் காணாமல் போகும் காலத்தில் இந்த வேலையின் மதிப்பு கூடுகிறது.

ஆனால் நம் செய்திகளில் பைன் காடு என்பது சினிமா எடுத்த இடம், சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். சீகை மரங்களை வனத்துறை அகற்றினால் 'மரங்கள் வெட்டிச் சாய்ப்பு' என்று தலைப்பு வரலாம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்தில் பூண்டு போடுகிறவரைக் கேட்டால், எந்த ஓடை எந்த மாதம்வரை ஓடியது, இப்போது எப்போது நிற்கிறது என்று சொல்வார். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவரைத் தேடிப் போன கேமரா, ஓடை நின்றபோதும் போயிருக்க வேண்டும்.

இ-பாஸ் விஷயத்திலும் இதே விடுபடல்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கடையடைப்பு, வியாபாரிகள் எதிர்ப்பு, சோதனைச் சாவடியில் நெரிசல் என்று செய்திகள் வந்தன, வர வேண்டியவைதான். விடுதிக்காரருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் அது வயிற்றுப்பாடு. ஆனால் இந்த மலை எத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுக்க முடியும், கோடையில் லாரித் தண்ணீர் யாருக்குப் போகிறது, யாருக்குக் குழாயில் வராமல் போகிறது என்ற கேள்வியிலிருந்துதான் அந்த வழக்கின் கனமே வருகிறது. மழை நாட்கள் மாறினால் அந்தக் கணக்கும் மாறும். வாகன எண்ணிக்கைச் சண்டையாக மட்டுமே படித்தவருக்கு இது தெரிய வழியில்லை.

இதற்கெல்லாம் மலையில் இருக்கும் நிருபர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களில் பலர் பகுதிநேரக்காரர்கள். வேறு தொழில் செய்துகொண்டே, மழையில் நனைந்து, மண் சரிந்த இடத்துக்கு முதலில் போய் நிற்கிறவர்கள். அனுப்பிய இருபது வரியில் எட்டு வரி அச்சாகும். வெட்டுப்படுவது பெரும்பாலும் பின்னணி. எந்த வருடம் அந்தச் சரிவில் சாலை போட்டார்கள், முன்பு எப்போது அங்கே மண் இறங்கியது என்பதெல்லாம் அந்த நிருபருக்கு மனப்பாடம். அலுவலகத்தில் செய்தி திருத்தும் மேசையில் இருப்பவருக்கு அது தேவையில்லாத விவரம். ஒரு விபத்துச் செய்தியை விளக்கச் செய்தியாக்கும் விவரம் அதுதான் என்று மேசை உணர வேண்டும். உலகப் பக்கத்துக் கட்டுரையை மொழிபெயர்க்கிறவர், குன்னூர் நிருபருக்கு ஒரு போன் போட்டுப் பேசினாலே இரண்டு பக்கங்களும் பாதி தூரம் கிட்டே வந்துவிடும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் 'நீலகிரியில் 283 இடங்கள் அபாயகரமானவை' என்று செய்தி வருகிறது. எந்தெந்த இடங்கள் என்று ஊர்வாரியாக அச்சிடுவது அரிது. தன் தெரு அந்த 283-ல் இருக்கிறதா என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு முன்னறிவிப்பை நாட்டில் முதலில் சோதித்துப் பார்த்த மூன்றே மாவட்டங்களில் நீலகிரி ஒன்று. மற்றவை டார்ஜிலிங், காலிம்போங். இதற்கென ஒரு தேசிய மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது, வயநாட்டுச் சரிவுக்குச் சில நாட்களுக்கு முன்பு. மேட்டூர் அணை நீர்மட்டத்தையும் தங்கம் விலையையும் நம் நாளிதழ்கள் தினமும் தவறாமல் போடுகின்றன. ஜூன் முதல் டிசம்பர் வரை அதே இடத்தில், அதே அளவில், உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்களுக்கும் அன்றைய நிலச்சரிவு எச்சரிக்கை நிலையையும் முந்தைய நாள் மழையையும் போடலாம். உள்ளூர் கேபிள் டிவியில் கீழே ஓடும் வரியிலும் போடலாம். அதற்குப் புது நிருபர் வேண்டாம், புதுப் பக்கம் வேண்டாம், நான்கு செ.மீ. இடம் போதும்.